ஏப்ரனுக்கு நீலம், மூக்குக்குச் சிவப்பு

மேசையின் இடது கோடியில் தாள் ஏறும், வலது கோடியில் இறங்கும். நடுவே ஏழு பெண்கள், ஆளுக்கு ஒரு நிறம். கீழே அச்சுக்கூடத்தில் ஆண்கள் கல்லில் மை தேய்த்துக் கறுப்பாகப் படத்தை எடுத்து அனுப்புவார்கள். மாடியில் இவர்கள் அதற்குச் சட்டையும் பாவாடையும் கன்னமும் பூசி அனுப்புவார்கள். சேன் ழாக் தெருக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கேலிப்படங்களைப் பார்த்துச் சிரிக்கிற எவனும் அவற்றில் ஏழு பெண்களின் எச்சில் கலந்திருப்பதை நினைத்ததில்லை. தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது அந்த வேலையின் வழக்கம். பச்சை பூசுகிறவளுக்கு மட்டும் அது கூடாது. பச்சை வயிற்றைப் பிடுங்கும். புதிதாக வருகிறவளுக்குத்தான் பச்சை கொடுப்பார்கள்.

யூலாலிக்கு அன்று நீலம். துளை வெட்டிய தகட்டைத் தாளின் மேல் வைக்க வேண்டும். தாளின் இரண்டு மூலையிலும் ஊசிக்குத்துப் போல இரண்டு புள்ளி இருக்கும்; தகட்டின் மூலையை அதில் பொருத்தினால் துளை தானாகச் சரியான இடத்தில் உட்காரும். பிறகு குட்டைத் தூரிகையால் இரண்டு இழுப்பு. தகட்டை எடு, தாளைத் தள்ளு, அடுத்தது. கண்ணுக்கு வேலை அந்தப் புள்ளிகளில்தான். படத்தைப் பார்த்தால் கை நிற்கும், கை நின்றால் தாள் குவியும், தாள் குவிந்தால் மேற்பார்வை பார்க்கிற மதாம் கோத்ரியின் வாய் திறக்கும். ஆறு வருஷத்தில் யூலாலி படம் பார்ப்பதை விட்டிருந்தாள். அன்று காலையிலிருந்து அவள் பார்த்தது ஒரு துளை. மேலே குறுகிக் கீழே அகன்ற துளை. ஒரு துணியாக இருக்கும். பாவாடையோ, திரைச்சீலையோ.

குடியரசு வந்த வசந்தகாலம் அது. ராஜா ஓடிப்போயிருந்தான். பெண்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், சங்கம் வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அச்சுக்கூடத்துக்கு அதனால் நல்ல காலம். கால்சட்டை போட்ட பெண், சுருட்டுப் பிடிக்கிற பெண், புருஷனை அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு மேடையேறும் பெண் என்று வாரத்துக்கு ஒரு படம் வந்தது. எல்லாம் விற்றது. அந்த மேசையில் இருந்தவர்களில் நனோன் ஒருத்திதான் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனவள். போயும் ஒன்றும் காதில் விழவில்லை. பின்னால் நின்ற ஆண்கள் சீட்டியடித்தே கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள்.

நனோனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். படத்துக்குக் கீழே அச்சாகியிருக்கும் வசனத்தை உரக்கப் படித்து மேசையைச் சிரிக்கவைப்பது அவள் பழக்கம். கை நிற்காதவரை மதாம் கோத்ரி அதைக் கண்டுகொள்வதில்லை.

"ஏய், இதக் கேளுங்கடி," என்றாள் நனோன். "புருஷன் புள்ளயத் தூக்கிட்டு வந்து சங்கத்து வாசல்ல நிக்கிறான். புள்ள பாலுக்கு அழுவுது. பொண்டாட்டி வாசல்ல வந்து என்ன சொல்றா தெரியுமா? 'ஏய்யா, உனக்கு வேற நேரம் கிடைக்கலையா? நான் மனுஷகுலத்தயே காப்பாத்திக்கிட்டு இருக்கேன். போ, நீயே குடு!'"

மேசை குலுங்கிச் சிரித்தது.

"குடுத்தாலும் குடுப்பான்," என்றாள் மஞ்சள் பூசுகிற கிழவி. "எங்க வீட்டு ஆளு அதையும் செய்யமாட்டான்."

யூலாலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே துளையில் நீலத்தை இழுத்தாள். நல்ல வசனம்தான். சிரிப்பு அடங்கியபோது எதிரே இருந்த கிழவி தன்னை ஒரு மாதிரி பார்ப்பதைக் கண்டாள். அடுத்த தாளை எடுத்தாள்.

படம் வரைகிற வெர்தியே மாடியேறி வந்தார். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். வந்தால் எல்லாருக்கும் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். நிறம் பூசிய முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீலம் பிரமாதம், மதாம் கோத்ரி. ஆனா ஆளு ரொம்ப நல்லவனாத் தெரியறான். பாத்தா சிரிப்பு வரல, பாவமா இருக்கு. மூக்கைக் கொஞ்சம் சிவப்பாக்குங்க. குடிகாரன்னா ஜனங்க தாராளமா சிரிப்பாங்க."

"மூக்குக்குத் தகடு வெட்ட முடியாதே மொசியே. அவ்வளவு சின்ன இடம்."

"கையாலயே ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்க."

கையால் வைப்பதென்றால் யூலாலி. அவள் கை நடுங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். மதாம் கோத்ரி நீலத்தை நனோனிடம் மாற்றிவிட்டு, சிவப்புக் கிண்ணத்தையும் காய்ந்த தாள்களையும் யூலாலி முன்னால் வைத்தாள். இப்போது தகடு இல்லை. முழுப் படமும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

காலையிலிருந்து அவள் நீலம் பூசியது ஒரு ஏப்ரனுக்கு. ஒற்றைத் தோளில் முடிச்சுப் போட்டுக் கட்டிய ஏப்ரன். அப்படி ஊரில் ஒருத்தன்தான் கட்டுவான். ஒரு கையால் முதுகுப்பக்கம் முடிச்சுப் போட முடியாதவன். அந்த இன்னொரு கை குழந்தையின் தொடைக்கு அடியில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. மூன்று விரல் இல்லை. குழந்தையின் தலையில் காதை மூடுகிற குல்லா. ஒரு காதுமடல் மற்றதைவிடப் பெரிது. அதைத் தைத்தவள் யூலாலி.

கிழவி குனிந்துகொண்டாள். நனோனும் இப்போதுதான் உற்றுப் பார்த்தாள். அவள் கையில் தூரிகை நின்றது.

"அக்கா," என்றாள் மெதுவாக.

யூலாலி தனக்குள் ஏதாவது புரளும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் புரளவில்லை. பனிக்காலத்தில் ஆற்றில் துணி அலசும்போது கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கை இருப்பதே தெரியாமல் போகுமே, அந்த மாதிரி இருந்தது.

அவள் புருஷன் ஒனெசிம் முன்பு கீழே அச்சுக்கூடத்தில்தான் வேலை செய்தான். அச்சுக்கல்லை அடுக்கிலிருந்து இறக்கும்போது கூடப் பிடித்தவனுக்கு வழுக்கியது. கல்லின் ஒரு மூலை உடைந்தது, ஒனெசிமின் வலது கையும் நசுங்கியது. ஓடிவந்த முதலாளி முதலில் குனிந்து பார்த்தது கல்லை. ஜெர்மனியிலிருந்து வரும் கல், லேசில் கிடைக்காது. அதற்குப் பிறகு அவனுக்கு எங்கேயும் வேலை இல்லை.

அவர்களுக்கு முதலில் பிறந்த பையனை, ஊரில் எல்லோரும் செய்கிறபடி, மொர்வான் மலைப்பக்கம் பால் கொடுக்கும் பெண்ணிடம் வளர்க்க அனுப்பினார்கள். வண்டிக்காரன் வந்து கூடை கூடையாகக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவான். அறுவடை முடிந்து அதே வண்டிக்காரன் படியேறி வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பையனின் குல்லாவை மட்டும் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ரோசின் பிறந்தபோது ஒனெசிம்தான் சொன்னான். "இவள அனுப்பவேணாம் புள்ள. என் கைக்குத்தான் வேற வேல இல்லயே." மத்தியான மணி அடித்ததும் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அச்சுக்கூட வாசலுக்கு வருவான். யூலாலி இறங்கிப்போய்ப் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். ரோசின் எட்டு மாதமாக உயிரோடிருந்தது அந்த மத்தியான நடையால்தான். வெர்தியேயின் ஜன்னல் அந்த வாசலைப் பார்த்திருந்தது.

"மொசியே," என்றாள் யூலாலி.

அவர் படியிறங்கப் போனவர் திரும்பினார். "என்னம்மா?"

"இந்த ஆளு யாரு மொசியே?"

"யாருமில்ல. நான் யாரையும் பாத்து வரையறதில்லம்மா. நூறு பேரைக் கலக்கி ஒருத்தனா எடுப்பேன்."

"நூறு பேருல எத்தன பேருக்கு மூணு விரல் இல்ல?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். உண்மையாகவே அப்போதுதான் கவனிக்கிறவர் போலிருந்தார். "அட, ஆமா. எங்கயோ பாத்தது, கை தானா போட்டிருக்கு. நல்லாத்தான் இருக்கு. ஒரு வேலைக்கும் உதவாதவன்னு காட்டுது." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், யாரையாவது மாதிரி இருக்கா?"

"மாத்தமுடியுமா?"

"கல்லுல ஏறியாச்சே. பாதி அச்சும் முடிஞ்சுது." அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்படுவது அவருக்குச் சிரமமில்லாத காரியம். "ஜனங்க அந்தப் பொம்பளையப் பாத்துத்தான் சிரிப்பாங்க, ஆளைப் பாத்து இல்ல. கவலைப்படாதீங்க. மூக்கை மட்டும் பாத்துக்குங்க."

அந்தப் பெண்ணையும் யூலாலி பார்த்தாள். கால்சட்டை, காதில் பேனா, வாயில் சுருட்டு, தட்டையான மார்பு. அது அவள் இல்லை. அவள் முகத்தை வரைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளை யாரும் பார்த்ததே இல்லை. படி நிழலில் உட்கார்ந்திருப்பவள் ஜன்னலுக்குத் தெரியமாட்டாள்.

மதாம் கோத்ரி பின்னால் வந்து நின்றாள். அவள் கொடுமைக்காரி இல்லை. "வேற யாருக்காவது குடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"யாருக்குக் குடுத்தாலும் மூக்கு செவக்கத்தான போவுது?"

"ஆமா."

"அப்ப நானே வைக்கிறேன்."

தூரிகையை உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கினாள். புருஷனின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். அவன் அதுவரை குடிக்காதவன். அச்சுக்கூடத்தில் வேலை செய்த காலத்தில் சம்பள நாளன்று எல்லோரும் எதிர்க் கடைக்குப் போனால் இவன் மட்டும் வீட்டுக்கு வருவான். அதற்காகவே அப்போதும் அவனைக் கேலி செய்வார்கள். அடுத்த தாள். இன்னொரு பொட்டு. சீக்கிரமே கை வேகம் பிடித்துக்கொண்டது. முகம் மறைந்து மூக்கு மட்டும் நின்றது, பிறகு மூக்கும் மறைந்து பொட்டு வைக்கிற இடம் மட்டும் நின்றது.

மணி அடித்தது.

அவள் இறங்கும்போதே கீழே சிரிப்புக் கேட்டது. அச்சுக்கூடக் கதவில் ஆண்கள் அந்தத் தாளை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஒனெசிம் வாசலில் நின்றான், அதே ஏப்ரன், அதே முடிச்சு. ரோசின் கையை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆயாம்மா!" என்றான் இப்பொலித். கல் விழுந்தபோது கூடப் பிடித்திருந்தவன் அவன்தான். "இனிமே நீ பெரிய ஆளுய்யா. ஊரெல்லாம் உன் மூஞ்சிதான்."

"பாலு வந்துச்சா, இல்லயா? கொஞ்சம் காட்டு!" என்றான் இன்னொருவன்.

ஒனெசிம் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தான். நிறையப் பேர் கேலிப்படத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்க்கவில்லை. அச்சுக்காரன் பார்ப்பது மாதிரி, ஓரத்திலிருந்து பார்த்தான். கீழ் மூலையில் கோடு ஒரு பக்கமாக உள்ளே தள்ளியிருந்தது. அங்கே விரலை வைத்தான், இருக்கிற விரலை.

"மூல ஒடஞ்ச கல்லா?"

இப்பொலித்தின் சிரிப்பு குறைந்தது. "ஆமா. தேச்சு இழச்சாச்சு. மொதலாளி அத எங்க தூக்கிப்போடுவாரு?"

"மை நல்லாப் பிடிச்சிருக்கு," என்றான் ஒனெசிம்.

குழந்தையை யூலாலியிடம் கொடுத்தான். அவள் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் பக்கத்தில் நின்று பல்லால் முடிச்சை அவிழ்த்து, ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். அவள் விரலில் சிவப்பு இருந்தது. அதை அவன் பார்த்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவில் சுவரோரமாக நடந்தான்.

மறுநாள் மணி அடித்தபோது அவன் வரவில்லை. யூலாலி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் சாப்பிட்டு முடித்து உள்ளே போனார்கள். அவள் ரவிக்கை நனைந்து, காய்ந்து, திரும்ப நனைந்தது. மேலே போய்ப் பொட்டு வைத்தாள்.

"அக்கா, நேத்து நான் படிச்சதுக்கு..." என்றாள் நனோன்.

"நீயா எழுதின? விடு."

"நாங்கூட சிரிச்சேனே."

"நானுந்தான் சிரிச்சேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். மூஃப்தார் தெருவில் கூரைக்கு அடியில் ஒரு அறை. ஒனெசிம் முன்பு அச்சுக்கூடத்துக்குப் போட்டுப் போன பழைய கோட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஏப்ரன் எங்கேயும் கண்ணில் படவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறான். ரோசின் அதை வாந்தியெடுத்துத் தொட்டிலெல்லாம் புளிச்ச வாடை. அவள் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள். குழந்தை முதலில் அழுவதா குடிப்பதா என்று தெரியாமல் திணறியது.

"கடை ஜன்னல்ல தொங்குது," என்றான் ஒனெசிம். "காய்கறி வாங்கப் போனேன். ஜனங்க படத்தப் பாத்துட்டு, என்னயப் பாத்துட்டு, திரும்பப் பாக்குறாங்க."

"ம்."

"என் மூக்கு எப்ப சிவப்பாச்சு?"

அவள் குழந்தையை மற்ற மார்புக்கு மாற்றினாள். "நான்தான் வச்சேன்," என்றாள். "வைக்கச் சொன்னாங்க."

அவன் தலையை ஆட்டினான். வேலை என்றால் வேலை; அது அவனுக்குத் தெரியும். பிறகு, "வண்டிக்காரன் வந்திருக்கான்," என்றான். "திங்கக்கிழம மொர்வானுக்குப் போறான். எடம் இருக்காம்."

குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மொத புள்ளயையும் அவன்தான் ஏத்திட்டுப் போனான்," என்றாள் யூலாலி.

"எனக்கு மட்டும் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"நான் என்ன பண்ண? அந்த வாசல்ல நான் இனிமே நிக்கமாட்டேன். கால் வரல புள்ள. பாதித் தெரு வந்தேன் இன்னிக்கு. வரல."

அவள் அழவில்லை. அழுதால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான், அவளும் சொல்லியிருப்பாள், வழக்கமாகப் புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பது நடந்திருக்கும். அவளிடம் அது இல்லை. குழந்தையின் குல்லாவைச் சரிசெய்தாள். பெரிய காதுமடலைக் கீழே இழுத்துவிட்டாள்.

"வாசல்ல நிக்கவேணாம்," என்றாள். "நீ எங்க வேணா நில்லு. உன்னயப் பாத்து எவனும் சிரிக்காத எடமாப் பாத்து நில்லு. நான் அங்க வரேன். ஆனா புள்ளயக் கொண்டா. வண்டிக்காரன்ட்ட எடம் வேணாம்னு சொல்லிடு."

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படி எடம் எங்க இருக்கு?"

"தேடு."

தேடிக் கண்டுபிடித்துவிட்டான். அச்சுக்கூடத்துக்கு எதிரே இருந்த ஒயின் கடை. மறுநாள் மத்தியானம் இப்பொலித் மாடிப்படியில் நின்று, "உன் ஆளு எதிர்ல இருக்கான்," என்றான். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. யூலாலி தெருவைக் கடந்து போனாள். ஒனெசிம் கோட்டும் தொப்பியுமாக மேசையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு கோப்பை. மடியில் ரோசின். சுற்றி அவனோடு முன்பு வேலை செய்தவர்கள்.

"இங்க உக்காந்தாத்தான்யா நீ மனுஷன்," என்று அவன் முதுகில் தட்டினான், கூடவே வந்த இப்பொலித். "அந்த ஏப்ரனக் கட்டிட்டு நின்னப்ப உன்னய எப்படிப் பாக்குறதுன்னே எனக்குத் தெரியல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினான். வாசலில் குழந்தையோடு நின்றவன் ஆயாம்மா. கோப்பையோடு உட்கார்ந்தவன் ஒரு தகப்பன். கோப்பை இல்லாமல் அங்கே உட்கார முடியாது, கடைக்காரன் விடமாட்டான். ஒனெசிம் முதலில் அதைத் தொடாமல் வைத்திருந்தான். இரண்டாவது வாரத்தில் தொட்டான். பெண்கள் கடைக்குள் போவது வழக்கமில்லை. யூலாலி கடைப்படியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். திங்கட்கிழமை வண்டி போயிற்று. ரோசின் அதில் இல்லை.

இலையுதிர்காலம் வந்தபோது பெண்கள் சங்கங்களை அரசாங்கமே மூடியிருந்தது. படம் மட்டும் இன்னும் விற்றது. முதலாளி திரும்ப அச்சடிக்கச் சொன்னார். மாடிக்குத் தாள் வந்ததும் யாரும் எதையும் கேட்கவில்லை. மதாம் கோத்ரி சிவப்புக் கிண்ணத்தை யூலாலி முன்னால் வைத்தாள். வெர்தியே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மத்தியானத்தில் அவரும் எதிர்க் கடைக்குப் போவார். ஒனெசிமின் பக்கத்து மேசைதான். அவனுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். அவன் யாரென்று அவருக்குத் தெரியாது.

மணி அடித்தது. யூலாலி தெருவைக் கடந்தாள். ஒனெசிம் எழுந்து குழந்தையைப் படி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தான். நடையில் தள்ளாட்டம் இல்லை, ஆனால் படியில் காலை வைக்கும் முன் கொஞ்சம் யோசித்தான். வெளிச்சத்தில் அவன் மூக்கைப் பார்த்தாள். சிவப்பு, மூக்கு நுனியில் அவள் பொட்டு வைக்கிற இடத்திலேயேதான் இருந்தது. அவள் வைப்பதைவிடக் கொஞ்சம் மங்கல்.

"என்ன பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

ரோசினின் குல்லாவில் ஒயின் வாடை அடித்தது. குழந்தை கனமாகியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. பல் முளைத்துவிட்டது, மார்பில் வைத்ததும் கடித்தது. யூலாலி குழந்தையின் மூக்கை மெல்லப் பொத்தி வாயை விடுவித்து, திரும்ப வைத்தாள். குடிக்கட்டும். மேலே கிண்ணத்தில் சிவப்பு காய்ந்துகொண்டிருக்கும். போய்த் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும்.